கீறல் விழுந்த பிறகு என்ன ஆகும்?

கார் கழுவும் கடைகளின் பதாகைகளில் இப்போதெல்லாம் ‘9எச் செராமிக் பூச்சு’ என்ற சொல்லைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கீறாது, மங்காது, துருவும் பிடிக்காது என்று அதன் கீழே மூன்று வாக்குறுதிகள். பொறியியல் படிக்கும் என் நண்பர் ஒருவரே அதைப் பார்த்துவிட்டு, “வைரத்தின் கடினத்தன்மை 10. இது 9. அப்படியென்றால் வைரத்துக்கு அடுத்த நிலைதானே?” என்று கேட்டார். பள்ளியில் மோஸ் அளவுகோலைப் படித்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அந்த 9க்கும் வைரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது பென்சில் கணக்கு. சாயத் தொழிலில் ஒரு சோதனை உண்டு. மென்மையானதிலிருந்து கடினமானதுவரை வரிசையாகப் பென்சில்களை எடுத்து, பூச்சின்மீது சாய்வாக வைத்து அழுத்தித் தள்ளிப் பார்ப்பார்கள். எந்தப் பென்சில் கீறுகிறது என்பதே அளவு. ஓவியம் வரைவோருக்குத் தெரிந்த எச், பி எழுத்துகள்தாம் இவை. வரிசையில் ஆகக் கடினமான பென்சில் 9எச். அதுவும் கீறவில்லை என்றால் பூச்சுக்கு ‘9எச்’ பட்டம் கிடைத்துவிடும். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். கார்மீது படியும் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலோ மோஸ் அளவுகோலில் 7. பென்சிலை வென்ற பூச்சை மணல் என்ன செய்யும் என்று பதாகை சொல்வதில்லை.

நான் செராமிக் பூச்சுகளுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் முடித்து, துவாஸ் வட்டாரத்தில் ஒரு பூச்சுப் பட்டறையில் ஆறு மாதம் வேலைப் பயிற்சி பெற்று, இப்போது பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் படிப்பவன் நான். என் பிற்கால வருமானமே இந்தப் பூச்சுகளை நம்பித்தான் இருக்கப்போகிறது. என் குறை வேறு. ஒரு பூச்சு எவ்வளவு கடினம், எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்க நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால், ஓர் ஊசிமுனை அளவு துளை இருந்தால், அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க யாரும் பழக்குவதில்லை. உலோகத்தைக் காப்பாற்றும் தொழிலில் அந்த இரண்டாவது கேள்விதான் முதல் கேள்வி.

செராமிக் ஏன் துருப்பிடிப்பதில்லை? எரிந்து முடிந்த சாம்பல் மறுபடியும் எரியாது, அதனால்தான். இரும்பும் அலுமினியமும் மண்ணில் பெரும்பாலும் ஆக்சைடாகவே கிடைக்கின்றன. ஆற்றலைக் கொட்டி நாம் அவற்றை உலோகமாக்குகிறோம். காற்றும் ஈரமும் கிடைத்தவுடன் அவை பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கின்றன. அலுமினா, சிர்கோனியா, குரோமியம் ஆக்சைடு போன்ற செராமிக்குகள் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து முடிந்தவை. இனி இழக்க அவற்றிடம் ஒன்றுமில்லை. ஆகவே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும், எந்தப் பக்கம் போனாலும் உப்புக்காற்று வீசும் நம் தீவில், இரும்புக்கு ஒரு செராமிக் சட்டை மாட்டிவிடுவது மிகச் சரியான யோசனைதான்.

இந்த யோசனை புதிதும் அல்ல. பழைய வீடுகளில் இருக்கும் எனாமல் கோப்பையையும் அடுக்குச் சாப்பாட்டுக் கேரியரையும் நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி அந்தக் கோப்பையை ‘மங்கு’ என்பார். உள்ளே இருப்பது மெல்லிய எஃகுத் தகடு. மேலே இருப்பது கண்ணாடி. கண்ணாடியைப் பொடியாக்கி, நீரில் குழைத்துப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூளையில் சுட்டு உருக்கி ஒட்டவைப்பார்கள். முதல் பூச்சில் சிறிது கோபால்ட் ஆக்சைடு சேர்ப்பது வழக்கம். அது கண்ணாடியை எஃகோடு கவ்விப் பிடிக்க உதவும். வெள்ளைப் பூச்சு பெயர்ந்த இடத்தில் கருநீலம் தெரிந்தால் அது அந்த அடிப்பூச்சாக இருக்கலாம்.

இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. ஆறும்போது எஃகு கண்ணாடியைவிடச் சற்றே அதிகமாகச் சுருங்கும்படி கண்ணாடியின் கலவையைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் கண்ணாடி எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். கண்ணாடி அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடையும். கோப்பை கீழே விழுந்து தகடு வளைந்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போகிறது. ஒரு சில்லு தெறிக்கிறது. ஒரே வாரத்தில் அங்கே பழுப்புப் புள்ளி.

அந்தப் புள்ளியைத்தான் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறேன். துத்தநாகம் பூசிய வாளியில் இதே அளவு கீறல் விழுந்தால் இரும்பு சில காலம் தப்பிக்கும். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் மின்னணுக்களை இழப்பதால், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கிறது. செராமிக் அப்படி எதுவும் செய்யாது. அது ஒரு சுவர், அவ்வளவுதான். சுவரில் ஓட்டை விழுந்தால் ஓட்டைக்கு நேரே இருக்கும் இரும்புக்கு யாரும் துணையில்லை.

சுடுநீர்த் தொட்டி செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நம் குளியலறைகளில் தொங்கும் பல சூடேற்றிகளின் உட்புறம் எனாமல் பூசிய எஃகு. அவ்வளவு பெரிய பரப்பில் ஒரு துளைகூட இல்லாமல் பூசுவது கடினம் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டே வடிவமைக்கிறார்கள். போதாக்குறைக்கு, உள்ளே செம்பு போன்ற வேறு உலோகப் பாகங்களும் இருக்கும். அவை துளையில் தெரியும் துளி எஃகின்மீது தாக்குதலைக் குவித்துவிடும். எனவே தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் கம்பியைச் செருகுகிறார்கள். சுவரில் ஓட்டை இருந்தாலும் எஃகு கரையாமல், அந்தக் கம்பி கரையும். கம்பி தீர்ந்துபோனால் மாற்ற வேண்டும். சுவர் ஒன்று, அது தோற்கும்போது பலியாக இன்னொன்று. இதைத்தான் நல்ல வடிவமைப்பு என்பேன். பூச்சு தோற்காது என்று அங்கே யாரும் சத்தியம் செய்யவில்லை.

பட்டறையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே பிளாஸ்மா தெளிப்பு முறையில் பூச்சு போடுவார்கள். துப்பாக்கி போன்ற கருவியின் வாயில் 10,000 டிகிரிக்கும் மேற்பட்ட பிளாஸ்மா சுடர். அதற்குள் செராமிக் பொடியைச் செலுத்தினால் அது உருகி, வேகமாகப் போய் உலோகத்தில் மோதித் தட்டையாகி உறையும். தோசைக்கல்லில் மாவுத்துளிகளை ஒன்றன்மீது ஒன்றாக வீசுவதுபோல. கோடிக்கணக்கான துளிகள் சேர்ந்து கால் மில்லிமீட்டர் பூச்சாகும். துளிகளுக்கு இடையே நுண்ணிய சந்துகளும் எஞ்சும். சில விழுக்காடு அளவுக்குத் துளைகள் இருப்பது இந்த முறையின் இயல்பு. யாருடைய தவறும் இல்லை.

பூசுவதற்கு முன்னால் உலோகத்தின்மீது கரடுமுரடான துகள்களைப் பீய்ச்சி அடித்துச் சொரசொரப்பாக்குவார்கள். செராமிக் அந்தக் கரடுமுரடைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. பெரும்பாலும் பற்றுதல் அவ்வளவே. பசையும் இல்லை, வேதிப் பிணைப்பும் அதிகம் இல்லை. ஜோகூரிலிருந்து தினமும் விடியற்காலையில் மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து வரும் மூத்தவர் ஒருவர் அந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டார். எனக்கு அவர் சொன்ன முதல் பாடம் இது: “தம்பி, அடிச்சு முடிச்ச இரும்பு பச்சைப் புண்ணு மாதிரி. கையால தொடாத. மழை வர்ற நாள்ல காத்துல போட்டு வைக்காத. உடனே பூசிடணும்.” மூன்று ஆண்டு விரிவுரைகளில் எனக்குப் புரியாத மேற்பரப்பு அறிவியல் அந்த மூன்று வரியில் புரிந்தது. கையின் எண்ணெய்ப் பசையும் ஈரக்காற்றில் உருவாகும் மெல்லிய துருவும் பற்றுதலைக் கெடுத்துவிடும்.

ஒருநாள் கப்பல் தளத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் சிலிண்டரின் தண்டு ஒன்று எங்களிடம் வந்தது. வேறெங்கோ குரோமியம் ஆக்சைடு பூசப்பட்டது. கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்பு. பூசி ஓராண்டுகூட ஆகவில்லை என்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. விரலை ஓட்டினால் அங்கங்கே கொப்புளம். ஒரு கொப்புளத்தை மூத்தவர் சிறு சுத்தியலால் தட்டினார். நாணயம் அளவுக்குச் செராமிக் பெயர்ந்து விழுந்தது. அடியில் செம்பழுப்புச் சேறு.

கடல்நீர் அந்தச் சந்துகள் வழியாக மெதுவாக இறங்கியிருக்கிறது. செராமிக்குக்கும் எஃகுக்கும் நடுவே நிக்கல் கலந்த ஒரு பிணைப்புப் பூச்சு இருந்தது. நிக்கல், எஃகு, இரண்டையும் தொடும் உப்புநீர். சாதாரண நிலைத் தேர்வுக்குப் படித்தவர்களுக்குப் படம் இப்போது தெரிந்திருக்கும். அது ஒரு மின்கலம், அதில் கரைய வேண்டியது எஃகு. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இடம் போதாமல் மேலே இருக்கும் செராமிக்கைத் தள்ளியது. அழுத்தத்தைத் தாங்கும் செராமிக், இழுவிசையில் விட்டுக்கொடுத்தது.

இதைத் தடுக்க வழி இல்லாமலா? இருக்கிறது. தெளித்து முடித்ததும் ‘சீலர்’ எனப்படும் நீர்த்த பிசினைத் தடவி, சந்துகளுக்குள் ஊறவிட்டு, கெட்டியாகும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் கடைந்து மெருகேற்ற வேண்டும். அந்தத் தண்டில் சீலர் மேலோட்டமாக மட்டுமே இறங்கியிருந்தது என்பது வெட்டிப் பார்த்தபோது தெரிந்தது. யார் அவசரப்படுத்தினார்கள், ஏன் என்பதெல்லாம் எனக்குத் தெரியாத கதை. ஆனால் மெருகேற்றிய பிறகு கண்ணுக்குத் தெரிவது செராமிக்கின் பளபளப்பு மட்டுமே. காத்திருந்த நேரம் கண்ணுக்குத் தெரியாது. விலைப்பட்டியலில் முதலில் வெட்டு விழுவது கண்ணுக்குத் தெரியாததற்குத்தான்.

இனி இதே தீவில் நடக்கும், இதைவிடப் பல மடங்கு கவனமான ஒரு வேலைக்கு வருகிறேன். விமான எஞ்சின் பழுதுபார்ப்பு சிங்கப்பூரின் பெரிய தொழில்களில் ஒன்று. லோயாங்கிலும் சாங்கியிலும் சிலேத்தாரிலும் அந்தப் பணிமனைகள் இருக்கின்றன. எஞ்சினின் சூடான பகுதியில் சுழலும் டர்பைன் தகடுகள் நிக்கல் உலோகக் கலவையால் ஆனவை. அவற்றின்மீது பாயும் வாயுவின் வெப்பம் அந்தக் கலவையின் உருகுநிலையையே தாண்டும். தகட்டுக்குள் ஓடும் குளிர்காற்றும் மேலே இருக்கும் சிர்கோனியா பூச்சும் சேர்ந்துதான் அதை உருகாமல் காக்கின்றன. எடையில் 7, 8 விழுக்காடு இட்ரியா கலந்த சிர்கோனியா அது. தடிமன் பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்குள். இரண்டு தாள்களை அடுக்கிய அளவு.

நான் முதன்முதலில் படித்தபோது வியந்த செய்தி, அந்தச் செராமிக் ஆக்சிஜனைத் தடுப்பதே இல்லை என்பது. சூட்டில் சிர்கோனியா வழியாக ஆக்சிஜன் அயனிகள் தாராளமாகப் போய்வரும். போதாததற்கு, உயர்தரத் தகடுகளில் பூச்சையே இடைவெளியோடு வளர்க்கிறார்கள். மின்னணுக் கற்றையால் செராமிக்கை ஆவியாக்கிப் படியவிட்டால், அது கோரைப்புல் நெருங்கி நிற்பதுபோல் தனித்தனித் தூண்களாக வளரும். உலோகம் சூட்டில் விரியும்போது தூண்கள் சற்றே விலகிக்கொடுக்கும், ஆறும்போது நெருங்கும். ஒரே பாளமாகப் பூசியிருந்தால் சில பயணங்களிலேயே வெடித்திருக்கும். அதாவது விரிசல் வரும் என்று தெரிந்து, அந்த விரிசலைத் தாங்களே முன்கூட்டி, ஒழுங்காகப் போட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பது யார்? நடுவில் இருக்கும் பிணைப்புப் பூச்சு. அதில் அலுமினியம் நிறைய உண்டு. உள்ளே வரும் ஆக்சிஜனோடு அது சேர்ந்து, சில மைக்ரோன் தடிமனில் அடர்த்தியான அலுமினாத் தோல் ஒன்றை உருவாக்குகிறது. உண்மையான காவலாளி அந்தத் தோல்தான், அதுவும் ஒரு செராமிக். அது எங்காவது வெடித்தால் அடியில் இருக்கும் அலுமினியக் கையிருப்பிலிருந்து மறுபடியும் வளரும். மேலே இருக்கும் வெள்ளைச் சிர்கோனியாவின் வேலை வெப்பத்தைக் குறைப்பது. ஆனால் கையிருப்பு ஒருநாள் தீரும். ஒவ்வொரு பயணத்திலும் அலுமினாத் தோல் கொஞ்சம் தடிக்கும், தடிக்கத் தடிக்க இழுபறி கூடும், இறுதியில் மேலிருக்கும் சிர்கோனியா உதிரத் தொடங்கும். இது நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பயணங்களின் எண்ணிக்கைக்குக் கணக்கு வைக்கிறார்கள், எஞ்சினைப் பிரிக்காமலே மெல்லிய கேமராவை உள்ளே விட்டுத் தகடுகளைப் பார்க்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு பகைவனும் அந்தப் பூச்சுக்கு உண்டு. 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், மேற்கு ஜாவாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் நுழைந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. சாம்பல் மேகத்தைவிட்டுக் கீழே இறங்கிய பிறகு எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற்று, ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். அன்றைய கோளாறுக்குக் காரணம் பூச்சு உதிர்ந்தது அல்ல. சாம்பல் எஞ்சினுக்குள் உருகிக் கண்ணாடியாக ஒட்டிக் காற்றோட்டத்தைக் கெடுத்ததே. ஆனால் எஞ்சின்களின் வெப்பம் கூடக் கூட, உருகிய சாம்பலும் பாலைவனத் தூசியும் சிர்கோனியாவின் இடைவெளிகளுக்குள் இறங்கி உறைந்துவிடுவது பெரிய சிக்கலாகியிருக்கிறது. விலகிக்கொடுக்க வேண்டிய தூண்கள் ஒட்டிக்கொள்கின்றன. நல்லதற்காக விட்ட சந்தே வழியாகிவிடுகிறது. இதற்கு முழுமையான விடை இன்னும் இல்லை. ஆய்வு செய்ய விரும்பும் இளையர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது துரு தடுப்புக்கு ஒரு பட்டியல் இருந்தது: சாயம், எண்ணெய், பிளாஸ்டிக், துத்தநாகம், உலோகக் கலவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு. மனப்பாடம் செய்தால் மதிப்பெண். ‘காற்றும் நீரும் படாமல் தடுக்கிறது’ என்று எழுதினால் முழுமையான விடை. அந்த ஒரு வாக்கியத்தோடு வெளியே வந்தவர்களிடம்தான் ‘வாழ்நாள் பாதுகாப்பு’ என்ற பதாகை விற்பனையாகிறது. கார் செராமிக் பூச்சு ஒன்றிரண்டு மைக்ரோன் படலம். நீர் முத்துமுத்தாக உருண்டோடும், கழுவுவது எளிது, பளபளப்பு நிற்கும். அதற்காக வாங்குவோர் தாராளமாக வாங்கட்டும். கார் துருப்பிடிக்காமல் இருப்பது தொழிற்சாலையிலேயே எஃகுக்குப் போட்ட துத்தநாகமும் அடிச்சாயமும் செய்யும் வேலை. நெடுஞ்சாலையில் ஒரு கல் தெறித்து எஃகுவரை பள்ளம் விழுந்தால் அந்தப் படலம் ஒன்றும் செய்யாது. பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்ததும் பல கார்கள் பதிவிலிருந்தே போய்விடும் ஊரில், துருவுக்குப் பயந்து செலவழிக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

இதை நான் பேசியபோது ஓர் ஆசிரியர், “பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, இதில் புதிதாக எதைச் சேர்ப்பது?” என்றார். நியாயமான பேச்சு. ஆனால் எதையும் சேர்க்கத் தேவையில்லை. ஒரு எனாமல் கோப்பை, ஒரு துத்தநாக ஆணி, ஒரு சாயம் பூசிய ஆணி. மூன்றிலும் ஒரே அளவு கீறல் போட்டு உப்புநீரில் ஒரு வாரம் வைத்தால் போதும். பட்டியலை மனப்பாடம் செய்யும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் பொறியியல் என்றால் புதிதாக ஒன்றைக் கட்டுவது, கணினியில் உருவாக்குவது. பழையதைக் கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மரியாதை குறைவு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் விமானப் பராமரிப்பு படிக்கும் என் உறவினர் மகனிடம், “மேலே படிக்கப் போகவில்லையா?” என்றுதான் பெரியவர்கள் கேட்கிறார்கள். அரிப்புப் பொறியாளர்களின் அனைத்துலக அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வு, அரிப்பால் உலகத்துக்கு ஆகும் செலவை ஆண்டுக்கு 2.5 டிரில்லியன் அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டது. உலக உற்பத்தியில் அது ஏறத்தாழ 3.4 விழுக்காடு. அதில் 15 முதல் 35 விழுக்காட்டை, இன்று கைவசம் இருக்கும் முறைகளை ஒழுங்காகப் பின்பற்றினாலே மிச்சப்படுத்தலாம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. சீலர் ஊறும்வரை காத்திருக்கும் ஆள் வேண்டும், தகட்டுக்குள் கேமராவை விட்டுப் பொறுமையாகப் பார்க்கும் ஆள் வேண்டும். அந்த ஜோகூர் மூத்தவரைப் போன்றவர்கள் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று என் பயிற்சிக் காலம் முழுவதும் பேச்சாகவே இருந்தது.

அடுத்த முறை வேதியியல் தேர்வுத்தாள் தயாரிப்பவர்களுக்கு நான் ஒரு வினாவைப் பரிந்துரைப்பேன். ‘உட்புறம் எனாமல் பூசிய எஃகுச் சுடுநீர்த் தொட்டியில் ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கிறது. உள்ளே இருந்த மக்னீசியக் கம்பி முழுவதும் கரைந்துவிட்டது. இனி என்ன நடக்கும்? துத்தநாகம் பூசிய தொட்டியாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? காரணம் கூறுக.’ ஆறு மதிப்பெண் கொடுக்கலாம்.

விடையை வீட்டிலேயே சோதிக்க விரும்புவோர், உங்கள் குளியலறைச் சூடேற்றி எனாமல் தொட்டி வகைதானா, அதன் கம்பி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். நான் இதுவரை கேட்ட வீடுகளில், அப்படி ஒரு கம்பி இருப்பதை அறிந்திருந்தது ஒரே வீடுதான். அங்கே தொட்டி ஏற்கெனவே ஒருமுறை ஒழுகியிருந்தது.